கை நனைக்காமல் போனவர்

1

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில் வாழை இலையும் விற்கிறார்கள். இன்று காலை அங்கே போய் நின்றேன். கடைக்காரத் தம்பி கத்தியும் கையுமாக, "எத்தனை இலை, அக்கா?" என்றான். எளிய கேள்விதான். நான் இலைக்கட்டைப் புரட்டிக்கொண்டே நிற்பதைப் பார்த்துவிட்டு, பின்னால் வந்த ஓர் அம்மாளுக்கு மல்லிகைச் சரம் அளந்து கொடுக்கப் போய்விட்டான்.

சென்ற ஆண்டு தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை இதே கடையில் ஐந்து இலை வாங்கினேன். நான்கில்தான் சோறு விழுந்தது. ஐந்தாவது இலைக்கு உரியவர் எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்றார், பேசினார், காபி குடித்தார், கை நனைக்காமல் போனார்.

ஊரில் இருக்கும் உங்களில் பலருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் கேசரி சாப்பிடலாம், பஜ்ஜி சாப்பிடலாம், காபி குடிக்கலாம். சம்பந்தம் உறுதியாகும்வரை சோற்றில் கை வைக்க மாட்டார்கள். வைத்துவிட்டால் இரு வீட்டுக்கும் சம்மதம் என்றாகிவிடும். கோலாலம்பூருக்கு வந்து கால் நூற்றாண்டு ஆகிறது. கோலம், பின்னல், வெள்ளிக்கிழமை விளக்கு என்று எத்தனையோ என்னை விட்டுப் போய்விட்டன. இது போகவில்லை. ஏன் போகவில்லை என்று சென்ற ஆண்டுதான் யோசித்தேன்.

2

என் மகள் மதுரா ஒருநாள் காலை, கைப்பேசியிலிருந்து தலை தூக்காமல், "மா, நீல் உங்கள மீட் பண்ணணும்ங்கறான்" என்றாள். நீல், அவளோடு பொறியியல் நிறுவனத்தில் வேலை செய்யும் வெள்ளைக்காரப் பையன். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வளர்ந்தவன். தாய் இல்லை. தகப்பனார் கிரஹாம் இன்னமும் பெர்த்தில் இருக்கிறார்.

"அவங்க பூர்வீகம்?" என்றேன்.

"ஜிம்பாப்வே. முன்ன ரொடீசியா. அப்பா சின்ன வயசுல ஆர்மில லாரி ஓட்டினாராம். போதுமா? ரேஷன் கார்டு வேணுமா?"

என் அப்பா மயிலாடுதுறையில் மருந்துக் கடை வைத்திருந்தார். கல்யாணத்துக்கு வரன் விசாரிக்க வருகிறவர்கள் கோயிலுக்குப் போவதற்கு முன்னால் எங்கள் கடைக்குத்தான் வருவார்கள். எந்த வீட்டில் யாருக்குத் தூக்க மாத்திரை போகிறது, யாருக்கு வலிப்பு மருந்து போகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறந்து ஒரு குறை சொன்னதில்லை. நல்ல இடம் என்றால் நல்ல இடம் என்பார். இல்லையென்றால் துணியை எடுத்துக் கண்ணாடி மேசையைத் துடைக்கத் தொடங்கிவிடுவார். வந்தவர்கள் புரிந்துகொண்டு எழுந்து போவார்கள். எங்கும் ஒரு குறையும் இல்லாத குடும்பத்தைப் பற்றிக் கேட்டால்தான் அவர் அதிக நேரம் துடைப்பார்.

அந்தக் கடையில் வளர்ந்தவள் நான். ஆனால் பெர்த்தில் இருக்கும் ஒரு மனிதரைப் பற்றி, இப்போது இல்லாத ஒரு நாட்டைப் பற்றி, பிரிக்பீல்ட்ஸில் உட்கார்ந்துகொண்டு எந்த மருந்துக் கடையில் போய் விசாரிப்பது?

நீல் காட்டிய ஒரு படத்தில் கிரஹாம், வயதான சில ஆண்களோடு வரிசையில் நின்றிருந்தார். எல்லோர் கழுத்திலும் ஒரே நிறப் பட்டை, ஒரே சின்னம். லாரி ஓட்டியவர்களுக்கு அவ்வளவு நிமிர்ந்த முதுகு இருக்குமா என்று எனக்குத் தோன்றியது. அந்தச் சின்னத்தை வைத்துத் தேடினேன். லாரிப் படை அல்ல. அந்த நாட்டின் மிகத் தேர்ந்த காலாட்படைகளில் ஒன்று. அதன் வரலாறு புத்தகமாகவே வந்திருந்தது. மகளுக்குச் சொல்லாமல், பழைய பிரதி ஒன்றை வரவழைத்தேன்.

3

பிழை திருத்துவது என் தொழில். ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தால் பின்னாலிருந்து தொடங்குவது என் வழக்கம். முதலில் கடைசிப் பக்கங்களில் இருக்கும் பெயர், பொருள் அடைவு.

கிரஹாமின் பெயர் அதில் இல்லை.

பிறகுதான் முன்னாலிருந்து படித்தேன். கதை சுருக்கமாக இது: கறுப்பர்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த நாட்டைச் சிறுபான்மை வெள்ளையர் ஆண்டார்கள். நிலத்துக்காகவும் வாக்குரிமைக்காகவும் கறுப்பர்கள் ஆயுதம் எடுத்தார்கள். அவர்கள் புதர்க்காடுகளில் மறைந்திருந்து போரிட்டார்கள். அவர்களைத் தேடிப் பிடிக்கவும் கொல்லவும் பயிற்சி பெற்றது இந்தப் படை. பள்ளியை விட்டு வந்த பையன்கள்தான் பெரும்பாலும். நால்வர் நால்வராக ஹெலிகாப்டரிலிருந்து இறங்குவார்கள். சிலர் ஓடுகிறவர்களை விரட்டுவார்கள். சிலர் ஓடிவரும் வழியில் படுத்துக் காத்திருப்பார்கள்.

நன்றாக எழுதப்பட்ட புத்தகம். அதனால்தான் என் சந்தேகம் கூடியது. படைவீரர்கள் எல்லோருக்கும் செல்லப்பெயர் உண்டு. படைமுகாமின் நாய்க்குப் பெயர் உண்டு. ஒரு பழைய ஹெலிகாப்டருக்குக்கூடப் பெயர் உண்டு. எதிரில் விழுந்தவர்களுக்கு மட்டும் பெயர் இல்லை, எண்ணிக்கைதான். அடைவில் பீர் என்று தேடினால் பக்க எண்கள் வரிசையாக வருகின்றன. கிராமங்கள் என்று தேடினேன், இல்லை. பெண்கள் என்று தேடினேன், இல்லை. போர் நடந்த இடம் முழுவதும் கிராமங்கள்தான் என்று புத்தகத்திலிருக்கும் வரைபடமே சொல்கிறது.

அப்பா இருந்திருந்தால் துணியை எடுத்திருப்பார்.

மதுரா புத்தகத்தைப் பார்த்துவிட்டாள். அட்டையைத் திருப்பிப் பார்த்தாள், சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "மா, எல்லாரும் பேஸ்புக்ல ஸ்டாக் பண்ணுவாங்க. நீங்க மட்டும்தான் நானூறு பக்கம் படிச்சு ஸ்டாக் பண்றீங்க."

"அவர் பேர் இதுல இல்லையே."

"அப்ப நல்லதுதானே?"

"இருந்தா என்ன செஞ்சார்னு தெரியும். இல்லன்னா, ஏன் இல்லன்னு தெரியணும்."

"ரிலாக்ஸ் லா மா. நான் கட்டிக்கப் போறது நீலை, அவங்கப்பாவை இல்ல."

இந்த வாக்கியத்தை உலகத்தின் எல்லா மகள்களும் சொல்கிறார்கள் போலும். நான் மட்டும் என் காலத்தில் சொல்லவில்லை. சொல்ல அவசியமும் வரவில்லை, அப்பா விசாரித்துவிட்டார்.

4

எங்கள் அடுக்ககத்தில் இரண்டு தளம் மேலே லெட்சுமி அக்கா இருக்கிறார். ஓய்வுபெற்ற மருத்துவமனைத் தாதி. செமினிக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். என் குழப்பத்தைச் சொல்லப் போனபோது தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்துவிட்டு, "நீ மாப்பிள்ளைய விசாரிக்கிறியா, மிலிட்டரிய விசாரிக்கிறியா?" என்றார்.

"ரெண்டும்தான் அக்கா."

"ஆப்பிரிக்காவுக்கு ஏன் போற? இங்கயே கேளேன்."

இந்த நாடு புத்தகத்தின் தொடக்கத்திலேயே இருந்தது. நான்தான் வேகமாகத் தாண்டிப் போயிருந்தேன். ரொடீசிய அதிகாரிகள் சிலர் இளமையில் மலாயாக் காடுகளுக்கு வந்து போர் பழகியவர்கள். ஆங்கிலேயர் இங்கே கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய காலம் அது. மக்களை வேலிக்குள் அடைத்து, காட்டில் இருப்பவர்களைப் பட்டினி போடும் முறையை இங்கே பார்த்துவிட்டு, தங்கள் ஊருக்குக் கொண்டுபோனார்கள்.

"அப்ப நான் சின்னப் புள்ள," என்றார் அக்கா. "எங்க லயத்து வீடுங்களச் சுத்தி முள்ளுக்கம்பி. விடியக்காலைல பால் வெட்டப் போறப்ப கேட்டுல நிறுத்திப் பாப்பாங்க. சோத்த வெளிய கொண்டு போகக் கூடாது. எங்கம்மா வெறும் வயித்தோடதான் மரம் வெட்டுனாங்க."

"ஏன் அக்கா?"

"காட்டுல இருக்கறவனுக்குப் போயிருமாம். சோறு போட்டா நீயும் அவன் ஆளு. அவ்ளோதான் சட்டம்."

பிறகு தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிக்கொண்டே, "அந்த ஆளுக்கு நீ சோறு போட்டியா, இன்னும் இல்லியா?" என்று கேட்டார்.

"இல்ல அக்கா."

"போடாத. அவசரப்படாத," என்றார்.

5

கிரஹாம் தீபாவளிக்கு முந்தைய வாரம் வந்து இறங்கினார். புடவை எடுக்கிற சாக்கில் அவரைக் கிள்ளானுக்கு அழைத்துப் போனோம். வீட்டுக்கு அழைத்தால் சோறு போட வேண்டும். கடையில் சாப்பிட்டால் அது கணக்கில் வராது. என் கணவர் கட்டுமானப் பொறியாளர், எதையும் நேராகச் செய்கிற மனிதர். "இதுல உனக்கு என்ன தந்திரம்?" என்று ரயிலில் முணுமுணுத்தார்.

கிள்ளான் லிட்டில் இந்தியாவில் அந்த வாரம் தோளோடு தோள் உரசாமல் நடக்க முடியாது. கிரஹாம் சுவரை ஒட்டியே நடந்தார். பட்டாசு வெடித்தபோது திடுக்கிடவில்லை. சத்தம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் பார்த்தார். புடவைக் கடையில் நாற்காலி கொடுத்தார்கள், அதை வாசலைப் பார்க்கும்படி திருப்பிப் போட்டுக்கொண்டார். சாப்பாட்டுக் கடையிலும் அப்படியே. பணிப்பையன் ஓர் இடத்தைக் காட்டினான். இவர் மேசையைச் சுற்றி வந்து, முதுகுக்குச் சுவரும் முகத்துக்கு வாசலுமாக உள்ள இடத்தில் அமர்ந்தார். எல்லாவற்றையும் மனத்தில் குறித்துக்கொண்டேன்.

இலையில் வைத்ததை எல்லாம், பாகற்காய் உட்பட, மிச்சமில்லாமல் சாப்பிட்டார். முடித்ததும் இலையைத் தமக்கு எதிர்ப்பக்கமாக மூடினார். சாவு வீட்டில்தான் அப்படி மூடுவோம். என் கணவர் சிரித்துக்கொண்டே, "மிஸ்டர் கிரஹாம், நம் பக்கமாக மடிக்க வேண்டும், இல்லையென்றால் யாரோ இறந்துவிட்டார்கள் என்று பொருள்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கிரஹாம் மட்டும் சிரிக்கவில்லை. இலையைப் பொறுமையாகத் திறந்து, தம் பக்கமாக மடித்தார்.

நான் மெல்லக் கேட்டேன்: "ராணுவத்தில் லாரி ஓட்டினீர்களாமே?"

"நீல் அப்படித்தான் எல்லோரிடமும் சொல்கிறான்," என்றார். "அவனுக்கு அது சுலபமாக இருக்கிறது."

ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ரயிலில் திரும்பி வரும்போது என் சந்தேகம் அதன் பாட்டுக்கு ஒரு நிலையம் முன்னால் போய்க்கொண்டிருந்தது.

6

இதற்கிடையே பதிவுத் துறை. நீல் வெளிநாட்டவன் என்பதால், அவன் மணமாகாதவன் என்று அவன் நாட்டிலிருந்து ஒரு சான்று. அதற்கு மேல் சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் ஓர் உறுதிமொழி. அந்தச் சிறிய அறையில் முத்திரை குத்துபவர் தலை நிமிராமலே, "இனம்?" என்றார். மதுரா மலாயில் ஏதோ சொன்னாள். அவர் "லாயின் லாயின்" என்று எழுதிக்கொண்டார். மற்றவை என்று பொருள். முதலில் வந்த சில ஆண்டுகள் நானும் எத்தனையோ கட்டங்களில் மற்றவையாக இருந்திருக்கிறேன்.

வெளியே வந்ததும் மதுராவிடம் சொன்னேன்: "அவனுக்குக் கல்யாணம் ஆகலங்கறதுக்கு ரெண்டு முத்திரை இருக்கு. அவங்கப்பா யாருங்கறதுக்கு ஒரு முத்திரையும் இல்ல."

"அதுக்கு டிபார்ட்மென்ட் நீங்கதானே மா," என்றாள். பிறகு நின்று, "அவர ஏன் இன்னும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடல? உண்மையச் சொல்லுங்க," என்றாள்.

சொன்னேன். கை நனைப்பது என்றால் என்ன, நனைத்தால் என்ன ஆகும், ஏன் தள்ளிப்போடுகிறேன் என்று நடைபாதையில் நின்றபடியே சொன்னேன். அவள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கிறாளா என்றுகூடத் தெரியவில்லை. தமிழ் வகுப்பிலும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பாள் என்று ஆசிரியை குறைப்பட்டுக்கொண்டது நினைவுக்கு வந்தது.

"சண்டே கூப்பிடுங்க," என்றாள் கடைசியில். அதை வேண்டுகோள் என்று சொல்ல முடியாது.

7

அந்த ஞாயிறு. ஐந்து இலைகளைக் கழுவி, மேசையில் விரித்து, உப்பும் ஊறுகாயும் பொரியலும் வைத்தாயிற்று. நான் சாதப் பாத்திரத்தோடு வந்தபோது எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள், கிரஹாமைத் தவிர. அவர் தம் நாற்காலியின் பின்னால், அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மதுரா எனக்கு ஒன்று சொல்லியிருக்கிறாள்," என்றார். "இங்கே நான் இந்தச் சோற்றைத் தொட்டால், எல்லாம் சம்மதம் என்று ஆகிவிடும். அப்படியானால், எதற்குச் சம்மதிக்கிறீர்கள் என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும்."

மதுராவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

அவர் சொன்னதை இயன்றவரை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"நான் லாரி ஓட்டவில்லை. நீங்கள் வாங்கிய புத்தகத்தில் இருக்கும் படையில் இருந்தேன். அதை எழுதியவர் என்னிடமும் கேட்டார். என் பெயரை விட்டுவிடச் சொன்னேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ஓர் உலர்ந்த ஆற்றங்கரையில் எங்கள் நால்வரை இறக்கினார்கள். மற்ற குழு அந்தப் பக்கமிருந்து விரட்டி வரும், நாங்கள் இங்கே படுத்திருக்க வேண்டும். புதரில் ஏதோ அசைந்தது. நான் சுட்டேன். போய்ப் பார்த்தோம். இரண்டு பெண்கள். கையில் துப்பாக்கி இல்லை. ஒரு பானை. காட்டில் இருந்தவர்களுக்குக் களி கொண்டு போயிருக்கிறார்கள். சோறு போடுகிறவர்களும் எதிரிதான் என்றார் எங்கள் தலைவர். எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டார்கள்."

நீல் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு இது முதல்முறை அல்ல என்று தெரிந்தது.

"இன்னும் இருக்கிறது," என்றார் கிரஹாம். "களி சூடாக இருந்தது. நாங்கள் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. உட்கார்ந்து சாப்பிட்டோம். நானும் சாப்பிட்டேன்."

கீழே தெருவில் யாரோ லாரியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்கள், அதன் சத்தம் மேலே வந்தது.

"ஒருமுறை யாரும் பரிமாறாத சோற்றைச் சாப்பிட்டிருக்கிறேன்," என்றார். "இன்னொரு முறை முடியாது."

எனக்குள் என்ன ஓடியது என்று பொய்யில்லாமல் சொல்ல வேண்டுமென்றால், முதலில் ஓடியது இரக்கமல்ல. சரியாகத்தான் சந்தேகப்பட்டோம் என்ற நிறைவு. அதற்குப் பிறகு லெட்சுமி அக்காவின் அம்மா, வெறும் வயிற்றோடு கேட்டில் நிற்பவர். அதற்குப் பிறகுதான் என் கையில் இருக்கும் பாத்திரத்தின் சூடு உறைத்தது. அதைக் கீழே வைத்தேன்.

"இன்று காபி தருகிறேன்," என்றேன்.

அவர் தலையசைத்தார். அதற்கும் தயாராக வந்தவர் போலிருந்தார். சோபாவில் அமர்ந்து, டம்ளரில் கொடுத்த காபியைக் குடித்து முடித்தார். நன்றி சொன்னார். நீல் அவரைக் கொண்டுவிட்டு வரப் போனான்.

அவர்கள் போனதும் மதுரா கேட்ட கேள்வியை இந்த ஓராண்டில் என்னை நானே கேட்டுக்கொள்ளாத நாள் இல்லை.

"அவர் லாரி ஓட்டினேன்னு பொய் சொல்லியிருந்தா, சோறு போட்டிருப்பீங்க. இல்ல?"

8

திருமணம் பதிவாயிற்று. மண்டபத்தில் விருந்து நடந்தது, கிரஹாம் அங்கே சாப்பிட்டார். மண்டபம் பொது இடம். எங்கள் வீட்டுக்கு அதன்பின் அவர் வரவில்லை. நானும் அழைக்கவில்லை. மதுரா வாரம் ஒருமுறை வருவாள், ஒருபோதும் அந்தப் பேச்சை எடுக்க மாட்டாள், ஒருபோதும் இரண்டாம் முறை சாதம் வாங்க மாட்டாள்.

சந்தேகம் போய்விட்டதா என்றால், இல்லை. இடம் மாறியிருக்கிறது. புத்தகத்தை மறுபடி எடுத்தேன். அவர் சொன்னதைப் போன்ற ஓர் ஆற்றங்கரைச் சண்டை அதில் இருக்கிறது. விழுந்தவர்கள் அனைவரும் ஆயுதம் தாங்கியவர்கள் என்று எழுதியிருக்கிறது. அதே ஆற்றங்கரையா, வேறொன்றா, எனக்குத் தெரியாது. இரண்டில் எதை நம்புவது? புத்தகத்தில் எவருக்கும் ஒரு குறையும் இல்லை. இவர் தம்மைப் பற்றிச் சொன்னதில் குறையைத் தவிர வேறெதுவும் இல்லை. என் அப்பாவின் கடையில் வளர்ந்தவளுக்கு இதில் எதன் முன்னால் துணியை எடுக்க வேண்டும் என்பது தெரியும்.

ஆனால் அதையும் சந்தேகிக்கிறேன். காத்திருந்து, இடம் பார்த்து, சரியான நேரத்தில் செயல்படப் பயிற்சி பெற்றவர் அவர். உண்மையைச் சொல்லிவிட்டு நிற்பதும் ஒரு பயிற்சியாக இருக்கலாம். சொன்னது அந்த ஒரு நாள். மற்ற நாட்களைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த இரு பெண்களின் பெயர் தெரியுமா என்றும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். மன்னிக்கும் உரிமை அவர்களைச் சேர்ந்தவர்களுக்குத்தான், எனக்கு அல்ல. சோறு போடுவது மட்டும்தான் என் கையில் இருக்கிறது. எந்த வேலியும் எந்தச் சட்டமும் அதை ஒரு சிறிய காரியமாக நினைத்ததில்லை என்று லெட்சுமி அக்காவுக்குத் தெரியும். இப்போது எனக்கும் தெரியும்.

நேற்று நான்தான் நீலிடம் சொன்னேன், அப்பாவை நாளைக்கு அழைத்து வா என்று. அவர் மகனைப் பார்க்க வந்து ஒரு வாரமாகிறது. சற்று நேரத்தில் மதுரா தொலைபேசியில் அழைத்தாள். "காபிக்கா மா?" என்றாள்.

"கேள்வி கேட்க," என்றேன். "அப்புறம் பார்க்கலாம்."

பூக்கடைத் தம்பி மல்லிகையை முடித்துவிட்டுத் திரும்பி வந்தான். "அக்கா, இன்னும் யோசிக்கிறீங்களா? விசேஷம்லா?"

"விசேஷம் இல்ல தம்பி. சாப்பாடு. அஞ்சு இலை குடு."

இதோ, கழுவித் துடைத்து ஐந்தையும் மேசையில் விரித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அவருடைய நாற்காலியை வாசலுக்கு முதுகு காட்டும்படி போட்டிருக்கிறேன். எதிரே என்னுடையது. அவர் மேசையைச் சுற்றிப் போகாமல் அங்கே உட்காருகிறாரா என்று பார்க்க வேண்டும். வெளியே மின்தூக்கி திறக்கும் சத்தம் கேட்கிறது.